வாங்குற மரக்கால், கொடுக்கிற மரக்கால்

இந்த மாசத்துல மட்டும் நாலு பேர் எனக்கு அந்தப் பட்டியலை அனுப்பிட்டாங்க. ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால்... இப்படியே போய் கலத்தில் முடியும். அடியில் வழக்கமான முத்தாய்ப்பு: இவ்வளவு நுட்பமாக அளந்த இனம், வெள்ளைக்காரன் கொடுத்த கிலோவுக்காக எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டோமே!

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வெள்ளைக்காரன் இங்கே இருந்தவரை கடைத்தெருவில் கிலோவே கிடையாது. 1871ல் ஒரு சட்டம் போட்டார்கள். 'சேர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு அதன் எடையை ஒரு கிலோ என்று மாற்றுவதாகத் திட்டம். அது காகிதத்தோடு நின்றுபோனது. 1939ல் இன்னொரு சட்டம்: தோலா 180 கிரெய்ன், 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணு. கிலோவும் லிட்டரும் மீட்டரும் வந்தது சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 1956 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தால். நம்மை ஆண்ட பிரிட்டன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே 1965ல்தான். சாலையில் மைலும் பப்பில் பைன்ட்டும் அங்கே இன்னும் இருக்கு. ஆகவே இந்தப் பழியை மட்டுமாவது வெள்ளைக்காரன் தலையில் போடாதீங்க, பாவம். :-)

நிற்க. நானும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துப் புல்லரித்தவன்தான். என் புத்தி மாறினது ஒரு பரணை ஒழித்தபோது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்த்துடலாம்.

மேலே சொன்ன பட்டியலைப் படிச்சா தமிழ்நாடு முழுக்க ஒரே அளவு இருந்த மாதிரித் தோணும். அப்படி இல்லை. சென்னையில் எட்டுப் படி ஒரு மரக்கால், ஐந்து மரக்கால் ஒரு பறை, எண்பது பறை ஒரு கரிசை. தஞ்சாவூர்ப் பக்கம் வந்தால் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், அந்த மரக்காலில் பட்டணம் படி ரெண்டுதான் பிடிக்கும். பெயர் ஒண்ணு, அளவு நாலில் ஒரு பங்கு! படியிலேயே பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி. எடையில் சென்னைக் கணக்கு: மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், வீசை 1,400 கிராம் சொச்சம். சென்னைச் சேர் 280 கிராம். ரயில்வேயிலும் வங்காளத்திலும் சேர் என்றால் 933 கிராம். சென்னை மணங்கு சுமார் 25 பவுண்டு, பம்பாய் மணு 28 பவுண்டு, வங்காள மணு 82 பவுண்டு. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு 'நூறு மணு' என்று ஒரு தந்தி வந்தால், படிக்கிறவன் முதலில் யாருடைய மணு என்று பதில் தந்தி கொடுக்கணும்.

இது வியாபாரிகளின் தலைவலி, நமக்கென்ன என்று தோணலாம். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. 1950களில் கிலோவுக்காக வாதாடியவர்கள் பேசினதும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். 1947ல் தொடங்கின இந்தியத் தர நிறுவனமும் அதன் இயக்குநர் லால் சந்த் வர்மனும், திட்டக் காலத்துப் புள்ளிவிவர மேதை பீதாம்பர் பந்தும் சொன்னது இதுதான்: இப்போதுதான் தொழிற்சாலைகள் கட்ட ஆரம்பிக்கிறோம், இயந்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் அளவை மாத்திட்டால் செலவு குறைவு, இருபது வருஷம் கழிச்சு மாத்தினால் நாடு தாங்காது. வலுவான வாதம். அமெரிக்காவைப் பார்த்தால் தெரியும். 1866லேயே மெட்ரிக் அளவைச் சட்டபூர்வமாக்கினார்கள், 1875ல் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், 1975ல் மாறுகிறோம் என்று சட்டம் போட்டார்கள், அதற்கான வாரியத்தை 1982ல் கலைத்தார்கள். தொழில் வளர்ந்தபின் மாறுவது அவ்வளவு கஷ்டம். (செவ்வாய்க்குப் போன விண்கலம் அலகுக் குழப்பத்தில் 1999ல் அழிந்த கதையை எல்லோரும் எழுதியாச்சு, நான் விட்டுடறேன்.)

ஆனால் அந்த வாதத்தில் பரண் இல்லை.

எங்க ஊர் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்னக் கிராமம். தாத்தா பெரிய மிராசுதார் எல்லாம் இல்லை. ஒரு வேலிக்குக் கொஞ்சம் கூட நிலம், அதில் பாதி குத்தகைக்கு. வீட்டை இடிக்கிறதுக்கு முன்னால் பரணை ஒழித்தபோது துருப்பிடித்த கொக்கி, ஓலைக் கட்டு, உடைந்த குதிர் மூடி இதுகளோடு ரெண்டு மரக்கால் கிடைத்தது. இரும்புத் தகடு, வாயைச் சுற்றிப் பட்டை. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருந்ததால் ஒண்ணு எனக்கு, ஒண்ணு தம்பிக்கு என்று பிரித்துக்கொள்வதாகத்தான் பேச்சு. வரவேற்பறையில் வைத்தால் அழகாக இருக்கும் இல்லையா!

தேய்த்துக் கழுவி, ஒன்றை இன்னொன்றுக்குள் வைக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் வைத்தால் நுழையவில்லை. மாத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே சமையலறைத் தராசை எடுத்தேன். ஒரே மூட்டை அரிசி, ஒரே மாதிரி தலைதட்டி. சின்னது 2 கிலோ 850 கிராம். பெரியது 3 கிலோ 180 கிராம். மூணு தடவை அளந்தேன், பத்து இருபது கிராம் முன்னே பின்னே, அவ்வளவுதான். வித்தியாசம் 330 கிராம். நூற்றுக்குப் பதினொன்றரை. பெரிய மரக்காலில் பன்னிரண்டு அளந்து 'ஒரு கலம்' என்று எழுதினால், சின்ன மரக்கால் கணக்கில் அது பதிமூன்று மரக்காலுக்கும் மேலே.

அப்பாகிட்ட கேட்டேன். "பழைய சாமான், தேய்மானத்துல வித்தியாசம் வரும்டா" என்றார். இரும்பு தேய்ந்தால் கொள்ளளவு கூடுமா குறையுமா என்று யோசித்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டேன். அவருக்கும் வயசாச்சு.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது, எங்க நிலத்தில் மூணு தலைமுறையாக வேலை பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருத்தரைக் கேட்டேன். எண்பதைத் தாண்டினவர். அவரோட அப்பா என் தாத்தாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர், திண்ணைக்குக் கீழே நின்று பேசினவர். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னை 'தம்பி' என்றார். எனக்கு அது பிடிச்சிருந்தது. மரக்கால் விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார்.

"ரெண்டும் இருக்கா இன்னும்? வாங்குற மரக்கால் ஒண்ணு, கொடுக்கிற மரக்கால் ஒண்ணு. ஊருக்கே தெரியும் தம்பி. உங்க வீட்ல மட்டுமா, எல்லா வீட்லயும் உண்டு. உங்க தாத்தா பரவால்ல. கொடுக்கிறப்ப தலையத் தட்டுவாரு, ஆனா கட்டையால தட்ட மாட்டாரு, கையாலதான்."

கையால் தட்டினால் விரல் இடுக்கில் நாலு மணி தங்கும். அதுதான் அந்த 'பரவால்ல'.

அளக்கிறதில் எத்தனை வித்தை இருக்கு என்று அவர்கிட்டதான் பாடம் கேட்டேன். மரக்காலைக் குவியலில் குத்தி அள்ளினால் நெல் இறுகி அதிகம் பிடிக்கும். மேலேயிருந்து மெல்லச் சொரிந்தால் பொலபொலவென்று நின்று குறைவாகப் பிடிக்கும். வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பது, கொடுக்கும்போது தலைதட்டுவது. வாங்கும்போது காய்ந்த நெல், கொடுக்கும்போது பதரோடு ஈர நெல். ஒண்ணு என்று எண்ணாமல் 'லாபம்' என்று ஆரம்பிப்பது நமக்குத் தெரிஞ்ச மங்கல வழக்கம். "லாபம்னு சொல்றாங்களே, அது யாருக்குன்னு சின்ன வயசுல எங்கப்பாவக் கேட்டிருக்கேன் தம்பி. அடி வாங்கினேன்" என்றார்.

ஊருக்கு வந்ததும் படிக்க ஆரம்பிச்சேன். எங்க வீட்டுப் பரண் ஒண்ணும் அதிசயம் இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. 1940களில் தஞ்சை ஜில்லாவில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் தலைமையில் பண்ணையாட்கள் சங்கம் கட்டியபோது சாட்டையடி கூடாது, சாணிப்பால் கூடாது என்ற கோரிக்கைகளோடு சேர்ந்து, கூலியை முத்திரை போட்ட மரக்காலில் அளக்கணும் என்பதும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத வரலாறு. கூலி எவ்வளவு என்பதைவிட, கூலியை எதில் அளக்கிறாய் என்பது ஒரு போராட்டம்! முத்திரை என்றால் சர்க்கார் அளந்து பார்த்து அடிக்கிற முத்திரை. எங்க வீட்டு மரக்கால் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒண்ணுலயும் முத்திரை இல்லை.

பிரான்ஸ் கதையையும் இந்தக் கண்ணோடு மறுபடி படிச்சேன். மீட்டர் என்றாலே நமக்குச் சொல்லித் தந்தது டெலாம்பரும் மெஷெய்னும் 1792லிருந்து டன்கர்க் தொடங்கி பார்சிலோனா வரை நிலத்தை அளந்த விஞ்ஞான சாகசம்தான். அதற்கு முன்னால் 1789ல், புரட்சிக்குச் சற்று முன்பு, ஊர் ஊராக மக்கள் எழுதி அனுப்பின குறைப்பட்டியல்களில் திரும்பத் திரும்ப வந்த குறைகளில் ஒண்ணு அளவு பற்றியது. பிரபு தன்னுடைய 'புவாசோ'வை, அதாவது அந்த ஊர் மரக்காலை, வருஷா வருஷம் பெருக்கிக்கொண்டே போகிறார், நாடு முழுக்க ஒரே அளவு வேணும் என்று. விட்டோல்ட் கூலா என்ற போலந்து வரலாற்றாசிரியர் 1970ல் இதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கார். (பெயர் 'கூலா', எழுதினது கூலிக்காரன் கதை. பொருத்தம்தான்.) ஆனால் கேட்டது கிடைத்ததும் அதே மக்கள் முகம் சுளித்தார்கள் என்பது கதையின் மறுபாதி. நெப்போலியனே 1812ல் பழைய பெயர்களைப் பாதி திரும்பக் கொண்டுவர வேண்டியதாச்சு. மீட்டரும் கிலோவும் அங்கே முழுசாகக் கட்டாயமானது 1840ல்.

அந்த மறுபாதிக்கு இங்கேயும் கதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாக அளக்கிறவன் ஆயிடுவேன்.

முதலில் வந்தது காசு. 1957 ஏப்ரல் 1. (தேதியைப் பார்த்து அப்போதே கேலி செய்திருப்பார்கள்.) அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு பைசா அல்லது பன்னிரண்டு பை. ஆக ரூபாய்க்கு 192 பை. இந்த 192 சாதாரண எண் இல்லை. அதை மூணு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 64 பை, அதாவது ஐந்தணா நாலு பை, மீதி இல்லாமல் பிரியும். நூறு காசை மூணு பேர் பிரிக்க முடியாது. பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று மடித்துக்கொண்டே போகிற நம்ம கணக்குக்குப் பதினாறு அழகாகப் பொருந்தும். அரை, கால், அரைக்கால், வீசம். ஒரு ரூபாயில் வீசம்தான் ஓரணா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று மனப்பாடம் பண்ணினவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. வீசை ரெண்டரை ரூபாய் என்றால் பலம் ஓரணா என்று, எழுதப் படிக்கத் தெரியாத கிழவி பட்டென்று சொல்லுவாள், ஏனென்றால் ரெண்டரை ரூபாய்க்கு நாற்பது அணா, வீசைக்கு நாற்பது பலம். அந்தக் கிழவியின் அறிவை ஒரே நாளில் செல்லாக்காசு ஆக்கினது இந்த மாற்றம். அதை மறுக்க முடியாது.

மாற்றின விதத்திலும் உரசல் இருந்தது. ஓரணா என்பது கணக்குப்படி ஆறேகால் காசு. கால் காசு நாணயம் கிடையாதே! அதனால் ஓரணா 6, ரெண்டணா 12, மூணணா 19, நாலணா 25 என்று பட்டியல் போட்டார்கள். வெற்றிலைப் பாக்குக் கடைக்காரர் ஓரணாச் சரக்கைப் பதினாறு பேருக்கு வித்தால் முன்னே ஒரு ரூபாய் சேரும், இப்ப 96 காசுதான். மூணணாவுக்கு வாங்கினவருக்கு கால் காசு நஷ்டம். ஆக ரெண்டு பக்கமும் தன்னை ஏமாத்தறதாக நினைக்க நியாயம் இருந்தது. புதுக் காசுக்கு 'நயா பைசா' என்று பெயர், 1964 ஜூன் வரைக்கும். ஒரு காசில் 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்று விளக்கமே அச்சிட்டிருந்தார்கள். இந்தியில்! நம்ம ஊர்ச் சந்தையில் யாருக்கு அது விளங்கும் என்று டெல்லியில் யாரும் யோசிச்ச மாதிரித் தெரியலை. (ஈழத்து நண்பர்கள் இந்தப் பத்தியைப் படிச்சுச் சிரிக்கலாம். அங்கே 1872லிருந்தே ரூபாய்க்கு நூறு சதம்.)

எடை அடுத்து வந்தது, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக. சென்னை மாகாணத்திலும் அதே வருஷம் இதற்கென்று ஒரு அமலாக்கச் சட்டம். கொஞ்ச காலம் ரெண்டும் செல்லும், பிறகு 1962 ஏப்ரலிலிருந்து வியாபாரத்தில் பழைய எடைக்கு இடம் இல்லை. வீசைக் கல் போய் அறுகோண இரும்புக் கல் வந்தது. அந்தக் கல்லின் குழியில் ஈயம் வார்த்து அதன்மேல் முத்திரை அடிப்பார்கள். சின்ன வயசில் மளிகைக்கடையில் அந்த ஈயத்தைச் சுரண்டப் பார்த்து நான் திட்டு வாங்கினதுண்டு. அந்தத் துளி ஈயம்தான் 1940களில் பண்ணையாட்கள் கேட்ட முத்திரை என்று அப்போ எனக்கு யார் சொன்னா?

அரிசிக்கு மாற்றம் இன்னும் பெரிசு. அளந்து வித்த சரக்கை நிறுத்து விற்கணும். பட்டணம் படி அரிசி சுமார் ஒன்றரைக் கிலோ. ஆனால் அரிசியின் ரகம், ஈரம், அளக்கிற கை எல்லாத்தையும் பொறுத்து ஏறும் இறங்கும். படி கண்ணுக்குத் தெரியும் அளவு. பாத்திரம் நிரம்பிச்சா இல்லையா என்று வாங்குகிறவளே பார்க்கலாம். தராசின் முள்ளைக் கடைக்காரன் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். 'கிலோ வந்து ஏமாத்தறான்' என்று பாட்டி புலம்பினதில் கொஞ்சம் உண்மை இருக்கு. தட்டின் அடியில் புளியை ஒட்டுகிற தொழில்நுட்பம் தராசோடு சேர்ந்தே வளர்ந்தது.

அதனால்தான் சட்டம் போனாலும் படி போகலை. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். கிலோ கட்டாயமாகி அஞ்சு வருஷம் ஆன பிறகு! மூணு கிலோ லட்சியம் என்று சொல்லியிருந்தால் யார் வயித்தில் அது போய்ச் சேர்ந்திருக்கும்? ஜெயித்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கி, கட்டுப்படியாகாமல் பிறகு நின்றது. (கட்டுப்'படி' என்று எழுதும்போதே கை நிற்குது. அரசு ஊழியர் வாங்கும் அகவிலைப்படி, பயணப்படி எல்லாத்திலும் இன்னும் படிதான் உட்கார்ந்திருக்கு.)

அதற்கு அடுத்த வருஷம், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். கூலியும் சங்கமும் கொடியும் கலந்த நீண்ட பகையின் முடிவு அது. கூலியாகக் கேட்ட உயர்வு அரைப் படி நெல் என்று சொல்வார்கள். சட்டப்படி அந்த வருஷம் இந்தியாவில் படி என்றொரு அளவே இல்லை.

இங்கே வந்து கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். எங்க ஊரிலிருந்து வெண்மணி ரொம்ப தூரம் இல்லை.

முன்னோர்களுக்கு நுட்பம் தெரியாது என்று நான் சொல்ல வரலை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல் அளக்க 'ஆடவல்லான்' என்ற மரக்கால், அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்போடு வருது. பொன் நிறுக்க அதே ஆடவல்லான் பெயரில் ஒரு கல், நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல். சில கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் போய் ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். அளவுக்குப் பொதுவான ஒரு சாட்சி வேணும் என்பது ராஜராஜன் காலத்திலேயே தெரிஞ்சிருக்கு. பாரிஸில் பிளாட்டினக் கம்பி வைத்ததும் இதுவும் ஒரே யோசனைதான். ஆடவல்லான் எப்போ, எப்படி எங்க வீட்டுப் பரணில் ரெண்டாகப் பிரிந்தது என்பதுதான் என் கேள்வி. பட்டியலை அனுப்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

மாறினது சரியா என்று கேட்டால் சரி என்பதுதான் இப்போ என் பதில். விஞ்ஞானத்துக்காக இல்லை, ஏற்றுமதிக்காகவும் இல்லை. யார் வீட்டுக் கிலோ என்று கேட்க வேண்டியதில்லை, அதற்காக. ஆனால் முழுசாக மாறிட்டோமா என்றால் அது வேற கதை. பட்டாவில் நிலம் ஹெக்டேர், ஏர் என்று இருக்கு. விற்கிறது சென்ட் கணக்கில். சென்னையில் கிரவுண்டு, 2,400 சதுர அடி. அது பழைய 'மனை'. இருபத்துநாலு மனை ஒரு காணி. எங்க தாத்தாவின் பத்திரத்தில் மா, குழி என்று இருந்தது அப்பா காலத்தில் ஏக்கர், சென்ட் ஆகி, என் காலத்தில் 0.13.5 என்று வந்து நிற்குது. அது ஒரு மா. அதே நிலம், அதே வரப்பு. வரப்பு மட்டும் பக்கத்து வயல்காரர் தயவில் வருஷத்துக்கு ஒரு விரற்கடை நகரும், அதற்கு எந்த அளவையிலும் பெயர் இல்லை. பவுன் கதை உங்களுக்கே தெரியும்: 8 கிராம் என்கிறோம், அது பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் 7.988 கிராமைத் திருத்தி நிரப்பினது. மல்லிகைப்பூ இன்னும் முழம். அதுவும் பூக்காரம்மா முழம். குட்டையான பூக்காரம்மாவைத் தேடிப் போறவங்களை நான் பார்த்ததில்லை, நெட்டையானவங்களைத் தேடினவர்கள் எங்க வீட்டிலேயே உண்டு.

வீட்டுச் சமையலறையில் ஆழாக்கு இருக்கு, எவர்சில்வரில். ஆளுக்கு ஒரு ஆழாக்கு என்று அளந்துதான் உலை வைக்கிறாங்க. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அளக்கிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே வீடு.

ரெண்டு மரக்காலையும் என்ன செய்யறதுன்னு தம்பியும் நானும் பேசினோம். ஒண்ணு உனக்கு ஒண்ணு எனக்கு என்ற பழைய ஏற்பாடு இப்போ சரிப்படலை. தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டுமே நல்ல மரக்கால். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் தெரியும். அதனால் ரெண்டும் என்கிட்டயே இருக்கு, சின்னதைப் பெரியதுக்குள்ளே வெச்சு. போன பொங்கலுக்கு அந்தப் பெரியவர் பேரன் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். அலமாரியில் பார்த்துட்டு, "சார், இதுதானா அது? தாத்தா சொல்லியிருக்கார்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். வெளியே எடுத்தான், திரும்ப உள்ளே விட்டான். இடைவெளியில் சுண்டுவிரல் நுழையுதான்னு பார்த்தான்.

"நுழையல சார்" என்றான். "இவ்ளோதானா?"

வித்தியாசம் 330 கிராம் என்று சொன்னேன். போனை எடுத்து ஏதோ பெருக்க ஆரம்பிச்சான். ஒரு நாளைக்கு எத்தனை மரக்கால், வருஷத்துக்கு எத்தனை நாள், எத்தனை வருஷம் என்று என்னையே கேட்டான். எனக்கு எந்த எண்ணும் தெரியலை. தாத்தாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு கிளம்பிட்டான்.